இரண்டு மழைகளுக்கு நடுவே ஒரு கூடாரம்

கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் தங்கையின் மகன், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு நடைப்பயணம் போவதற்காகத் தன் முதுகுப்பைச் சாமான்களைக் கூடத்தில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தான். அந்தக் குவியலிலிருந்து ஒரு சிறு பொதியை எடுத்து என் கையில் வைத்தான். நீர் நிறைத்த ஒரு லீற்றர்ப் போத்தலின் பாரம்கூட அதற்கு இல்லை.

"இதுதான் மாமா, என்ரை வீடு" என்றான்.

இருவர் படுக்கக்கூடிய கூடாரம் அது என்பதை நம்புவதற்குச் சற்று நேரம் எடுத்தது. மழை தாங்குமோ என்று கேட்டேன்.

"வெளியிலை பெய்யிற மழையைத் தாங்கும் மாமா. காலமை எழும்பேக்கை உள்ளுக்குத்தான் நனைஞ்சிருக்கும்" என்று சிரித்தான்.

எனக்கும் ஒரு கூடாரம் இருந்தது. செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் தங்குவதற்கு உதவும் என்று 1990களின் இறுதியில் வாங்கியது. இரண்டு மூன்று தடவைகளுக்கு மேல் அதைப் பயன்படுத்தவில்லை. அவனுக்குக் காட்டலாம் என்று அலுமாரியின் மேலிருந்து இறக்கி விரித்தேன். துணியின் உட்புறம் பசை பூசியதுபோல ஒட்டியது. புளித்த நாற்றம் அடித்தது. மெல்லிய தோல் உரிவதுபோலப் பூச்சு உரிந்து விரலோடு வந்தது. கிழியவில்லை, எலி கடிக்கவில்லை. சும்மா இருந்த துணி சும்மா இருந்தே கெட்டுப்போயிருந்தது.

பயன்படுத்தாத என் கூடாரம் ஏன் அழிந்தது? ஓட்டை இல்லாத அவன் கூடாரம் ஏன் உள்ளே நனைகிறது? இந்த இரண்டு கேள்விகளோடு சில வாரங்கள் வாசித்ததன் பயனே இக்கட்டுரை. மலையேறிகளும் நெடுநடைப் பயணிகளும் கூடாரத் துணியைப் பற்றி ஏறத்தாழ 160 ஆண்டுகளாக வாதாடி வருகிறார்கள். பாரம் குறைந்த துணி, நீர் புகாத துணி, மூச்சு விடும் துணி என மூன்றையும் ஒருசேரக் கேட்டவர் எவருக்கும் மூன்றும் கிடைத்ததில்லை. எதைக் கைவிடுவது என்று ஒவ்வொரு தலைமுறையும் தெரிவு செய்தது. அந்தத் தெரிவுகளின் வரலாறுதான் கூடாரத்தின் வரலாறு.

இரண்டாவது மழை

முதலில் அந்த உள்மழையைப் புரிந்துகொள்ள வேண்டும். உறங்கும் மனிதர் ஒருவர் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் ஓர் இரவில் ஏறத்தாழக் கால் லீற்றர் முதல் அரை லீற்றர் வரை நீரை ஆவியாக வெளியேற்றுகிறார். இருவர் படுத்தால் அதன் இருமடங்கு. வானத்தை நோக்கி விரிந்திருக்கும் மெல்லிய துணி, இரவில் தன் வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள வளியைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. அந்தக் குளிர்ந்த பரப்பில் நீராவி படிந்து துளியாகிறது. பள்ளிக்கூடத்தில் 'ஒடுக்கம்' என்று படித்தோமே, அதுதான். துணி எவ்வளவுக்கு நீர் புகாததோ, அவ்வளவுக்கு அந்த ஆவி வெளியேற வழியில்லை. மழையை வெளியே நிறுத்தும் அதே பூச்சுத்தான் மூச்சை உள்ளே நிறுத்துகிறது.

துணி எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதை அளக்க எளிய முறை ஒன்றுண்டு. துணியின் மேல் நீரின் அமுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மூன்று இடங்களில் துளி கசியும்போது, அந்த அமுக்கம் எத்தனை மில்லிமீற்றர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். 1,500 மில்லிமீற்றர் என்றால் ஒன்றரை மீற்றர் நீர்த்தம்பத்தைத் தாங்கும் துணி. கூரைக்கு அது போதும் என்பர். ஆனால் நிலத்துணியின் மேல் முழங்கால் ஊன்றும்போது அமுக்கம் பல மடங்காகிறது. எனவே தரைக்கு அதைவிடக் கூடிய தாங்குதிறன் கேட்பார்கள். கூரைக்கும் தரைக்கும் வெவ்வேறு துணி வேண்டும் என்ற இந்த அறிவு புதிதல்ல.

விம்பரின் கூடாரமும் அதைச் சுமந்தவரும்

ஸ்கொட்லாந்துக்காரரான சார்ள்ஸ் மக்கின்ரோஷ், இறப்பரை நப்தாவில் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டும் முறைக்கு 1823இல் காப்புரிமை பெற்றார். மழை அங்கிக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆயினும் அந்தத் துணி வெயிலில் ஒட்டியது, குளிரில் விறைத்தது. இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறை கண்டறியப்பட்ட பிறகே அக்குறை பெருமளவு நீங்கியது. பாரமோ நீங்கவில்லை.

1860களின் தொடக்கத்தில், மெற்றர்ஹோர்ன் சிகரத்தின் மீது கண் வைத்திருந்த ஆங்கிலேய இளைஞர் எட்வேர்ட் விம்பர் தமக்கென ஒரு கூடாரத்தை வடிவமைத்தார். கூரைக்கு வெளுக்காத முரட்டுப் பருத்தித் துணி. தரைக்கு மக்கின்ரோஷ் துணி, அதுவும் கூரையோடு சேர்த்துத் தைக்கப்பட்டது. ஈரம் ஏறும் நிலத்துக்கு இறப்பர், மூச்சு ஏறும் கூரைக்குப் பருத்தி. இந்தப் பங்கீட்டின் பொருத்தத்தை எண்ணி வியக்கிறேன். அவருடைய பெயராலேயே அழைக்கப்பட்ட அக்கூடாரம், 1920களின் எவரெஸ்ட் பயணங்கள் வரை வெவ்வேறு வடிவங்களில் புழங்கியது.

அதன் பாரம் ஏறத்தாழ 10 கிலோ. விம்பரின் தொடக்க முயற்சிகளில் அதைச் சுமந்தவர் பிரெயில் என்னும் இத்தாலிய மலைக்கிராமத்தைச் சேர்ந்த லுக் மெய்னே. கூன் விழுந்த முதுகுடைய ஏழைத் தொழிலாளி. 1865 ஜூலை 14இல் மெற்றர்ஹோர்ன் உச்சி முதன்முதலாக வெற்றி கொள்ளப்பட்டபோது அவர் அந்த அணியில் இல்லை. விம்பர் தம் நூலில் மெய்னேயை அன்போடு குறிப்பிட்டிருப்பதால் அந்தப் பெயராவது நமக்குக் கிடைத்தது. கூடாரத்தின் பாரத்தைப் பற்றிப் பேசும்போது, அது யாருடைய முதுகில் ஏறுகிறது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். கூலிக்குச் சுமப்பவர் இருக்கும் வரையில், 10 கிலோ கூடாரத்தின் பாரம் அதற்குள் படுப்பவருக்குத் தெரிவதில்லை.

அந்தப் பாரத்தைத் தாமே சுமக்க முன்வந்தவர்களிடமிருந்துதான் மெல்லிய கூடாரங்கள் பிறந்தன. வழிகாட்டிகளின்றியே கடினமான சிகரங்களில் ஏறலாம் என்று காட்டிய அல்பேர்ட் மமரி, 1888இல் கோக்கசஸ் மலைகளுக்குச் சென்றபோது பட்டுத் துணியாலான சிறு கூடாரத்தைப் பயன்படுத்தினார். தனியாகக் கம்பங்கள் கொண்டுபோகவில்லை. பனிக்கோடரிகளையே கம்பங்களாக நட்டார். இன்று நடைக்கோல்களைக் கம்பமாக்கும் கூடாரங்களைப் புதுமை என்று விற்கிறார்கள். அவற்றின் மூதாதை அதுதான். பட்டு மெல்லியது, உறுதியானது. ஆனால் விலை கூடியது, பெருமழையைத் தாங்காதது. 1895 ஓகஸ்டில், நங்க பர்பத்தில் ரகோபீர், கோமன் சிங் என்ற இரு கூர்க்காக்களோடு மமரி காணாமற்போனார். அவருடைய பெயரிலான கூடார வடிவம் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தது.

பதினோரு கிலோ மூச்சு

இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த நிகழ்ச்சி அந்தாட்டிக்காவில் நடந்தது. ஸ்கொட் தலைமையிலான பயணக் குழுவைச் சேர்ந்த எட்வேர்ட் வில்சன், ஹென்றி பவேர்ஸ், அப்ஸ்லி செரி-கராட் ஆகிய மூவரும் எம்பரர் பென்குவின்களின் முட்டைகளைச் சேகரிப்பதற்காக 1911 ஜூன் 27இல் குறோசியர் முனையை நோக்கிப் புறப்பட்டனர். சூரியனே எழாத நடுக்குளிர் காலம். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 60 பாகை செல்சியசையும் தாண்டி இறங்கியது. அவர்களிடம் இருந்தது உள்துணி, வெளித்துணி என இரு அடுக்குகள் கொண்ட கூடாரம். ஜூலை மாதப் புயலொன்றில் அது பிய்த்துக்கொண்டு பறந்தே போயிற்று. புயல் ஓய்ந்தபின் அது அதிகம் சேதமின்றிக் கிடக்கக் கண்டெடுத்தார்கள். கிடைத்திராவிட்டால் மூவரும் திரும்பியிருக்க மாட்டார்கள்.

ஓகஸ்ட் 1ஆந் திகதி முகாமுக்கு மீண்டதும் தம் பொருள்களை நிறுத்துப் பார்த்தனர். புறப்படும்போது 35 இறாத்தல் இருந்த கூடாரம் திரும்பும்போது 60 இறாத்தல் இருந்தது. கிலோவில் சொன்னால் 16 ஆக இருந்தது 27 ஆகியிருந்தது. கூடுதலான 11 கிலோவில் பெரும்பகுதி உள்துணியில் உறைந்த பனிக்கட்டி. அங்கே மழை பெய்யவில்லை. அந்த நீர் அவர்களுடைய மூச்சிலிருந்தும் உணவு சமைத்த ஆவியிலிருந்தும் வந்தது. ஐந்து வாரங்களாகத் தாம் விட்ட மூச்சைத் தாமே சறுக்குவண்டியில் ஏற்றி இழுத்து வந்திருக்கிறார்கள்.

கடையில் வாங்கும்போது சிட்டையில் எழுதியிருக்கும் கிராம் கணக்கு உலர்ந்த துணியின் கணக்கு. உண்மையில் நாம் சுமப்பது நனைந்த துணியை. அந்த 11 கிலோவை அறிந்த பிறகு எந்தக் கூடாரத்தின் எடையையும் நான் முழுதாக நம்புவதில்லை.

பருத்தியின் குணமும் குற்றமும்

அக்காலத்தில் நல்ல துணி என்றால் பருத்திதான். 1879இல் தோமஸ் பேர்பரி உருவாக்கிய கபர்டீன், நூலிலேயே நீர்த்தடுப்பு ஏற்றி நெருக்கமாக நெய்த துணி. துருவப் பயணிகள் அதை அங்கியாகவும் கூடாரமாகவும் கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, குளிர்ந்த கடலில் விழும் விமானிகளைக் காக்கவென மஞ்செஸ்ரரில் 'வென்ரைல்' என்ற துணி உருவானது. நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்தது அது. நீர் பட்டதும் நூல் வீங்கி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். உலர்ந்ததும் மீண்டும் திறக்கும். பூச்சில்லாமலே நீரைத் தடுத்து ஆவியை விடும் தந்திரம் அது.

ஆனால் நனைந்த பருத்தி பாரம் கூடும், மெதுவாகவே உலரும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய கித்தான் கூடாரத்தில் தங்கியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: மழை நேரத்தில் உட்புறத்தை விரலால் தொட்டால் தொட்ட இடத்தில் ஒழுகத் தொடங்கும். சாரணர் முகாமில் அப்படித் தொட்டு ஆசிரியரிடம் குட்டு வாங்கிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான்.

பருத்தியின் மேல் மெழுகு பூசுவது மற்றொரு வழி. அதற்கும் ஒரு விலை இருந்தது. 1944 ஜூலை 6இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் பெரும் சர்க்கஸ் கூடாரம் ஒன்று தீப்பற்றியது. பரபின் மெழுகைப் பெற்றோலில் கரைத்து நீர்த்தடுப்பாகப் பூசிய கித்தான் அது. சில நிமிடங்களில் கூரை முழுவதும் எரிந்து விழுந்தது. 160க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களுள் பலர் குழந்தைகள். கூடாரத் துணி எளிதில் தீப்பற்றக் கூடாது என்று அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சட்டம் வந்ததற்குப் பின்னால் இத்தகைய சாவுகள் இருந்தன. அச்சட்டங்களுக்காகத் துணியில் ஏற்றப்பட்ட தீத்தடுப்பு இரசாயனங்கள் உடலுக்குத் தீங்கு என்ற விவாதம் பின்னாளில் எழுந்தது. அதனால் அவற்றைக் கைவிட்ட உற்பத்தியாளர்களும் உண்டு. ஒன்றைக் காக்கப் பூசியது இன்னொன்றைக் கெடுக்கிறது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

நைலோன் வந்தது

1935இல் டுபொன்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வொலஸ் கரோதர்ஸ் குழுவினர் நைலோனை உருவாக்கினர். போர்க்காலத்தில் அது பட்டுக்குப் பதிலாகப் பரசூட் துணியானது. 1953இல் ஹிலரியும் டென்சிங்கும் எவரெஸ்டில் ஏறிய பயணத்தின் கூடாரங்கள் பருத்தியும் நைலோனும் கலந்து நெய்த துணியால் ஆனவை. பழையதை முற்றாக விடவும் மனமில்லை, புதியதை முற்றாக நம்பவும் துணிவில்லை என்ற இடைக்காலம் அது.

அதன்பின் முழு நைலோன் துணியும், அதன் மேல் பொலியூரெத்தேன் பூச்சும் வந்தன. மழை முற்றாக வெளியே நின்றது. உள்ளே மழை தொடங்கியது. ஒற்றைச் சுவர்க் கூடாரங்களில் காலையில் உறங்குபையே நனைந்து கிடந்தது. பரவலாக ஏற்கப்பட்ட தீர்வு இரட்டைச் சுவர். ஆவி புகும் மெல்லிய உள்கூடாரம். சில அங்குல இடைவெளி விட்டு அதன் மேல் நீர் புகாத வெளித்துணி. ஆவி உள்துணியைக் கடந்து வெளித்துணியில் படியும். துளி வழிந்தாலும் உறங்குபவர் மேல் விழாது. பிரச்சினை தீரவில்லை, ஓர் அடி தள்ளி வைக்கப்பட்டது. அதற்காக இரண்டு கூடாரங்களின் துணியைச் சுமக்க வேண்டியதாயிற்று.

ஒரே துணி இரண்டையும் செய்யாதா என்ற ஏக்கம் தொடர்ந்தது. 1969இல் பொப் கோர், பிரிஎஃப்ஈ என்ற பல்பகுதியத்தைச் சடுதியாக இழுத்து, நுண்துளைகள் நிறைந்த மென்சவ்வாக்கும் முறையைக் கண்டார். நீர்த்துளி நுழையாது, நீராவி நுழையும். அதுவே கோர்-ரெக்ஸ். இன்று அதை மழை அங்கியாகவே அறிகிறோம். ஆனால் 1976இல் சந்தைக்கு வந்த அதன் முதற் பொருள்களுள் ஒன்று, சியாற்றில் நகர நிறுவனமொன்று தைத்த கூடாரம். கடுங்குளிரில், வறண்ட வளியில் அது நன்றாகவே உழைத்தது. ஆனால் ஆவி வெளியேற வேண்டுமானால் உள்ளே ஆவி கூடவும் வெளியே குறையவும் இருக்க வேண்டும். வெளிவளியே ஈரத்தால் நிறைந்திருக்கும் வெப்பமண்டல மழைநாளில் அந்தச் சவ்வுக்குத் தள்ளுவிசை கிடைப்பதில்லை. இமயத்தின் உச்சிக்கு ஏற்ற துணி நக்கிள்ஸ் மூடுபனிக்கு ஏற்றதாகாது.

குளியலறைத் திரையிலிருந்து பாய்மரம் வரை

1955இல் அமெரிக்காவின் அப்பலேச்சியன் நெடும்பாதையை ஒரு பெண்மணி தனியாக நடந்து முடித்தார். 3,200 கிலோமீற்றருக்கும் கூடிய பாதை. எம்மா கேற்வுட் என்ற அவருக்கு அப்போது 67 வயது. 11 பிள்ளைகளின் தாய். அவரிடம் கூடாரம் இருக்கவில்லை. தாமே தைத்த துணிப்பையில், மழைக்கு மறைப்பாகக் குளியலறைப் பிளாஸ்ரிக் திரையொன்றை வைத்திருந்தார். பாரத்தைக் குறைக்க முதலில் செய்யவேண்டியது புதிய துணி வாங்குவதல்ல, வேண்டாததை வீட்டில் விட்டுச் செல்வது என்பதை அந்த மூதாட்டி அன்றே செய்து காட்டினார்.

1990களில் ரே ஜார்டின் என்ற முன்னாள் வான்வெளிப் பொறியியலாளர் இதை ஒரு கொள்கையாகவே எழுதினார். கூடாரம் ஏன்? நான்கு மூலை கட்டிய மெல்லிய விரிப்பு போதும். பக்கங்கள் திறந்திருப்பதால் ஆவியும் தங்காது என்றார். நம்மூர் வயற்காவலர்களும் கடற்றொழிலாளரும் படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டு காலங்காலமாகச் செய்துவந்ததும் அதுதான். நுளம்பும் சாரலும் வேறு விடயம்.

அவருக்குப் பின் வந்தோர் துணியின் கிராமை எண்ணத் தொடங்கினார்கள். 9,000 மீற்றர் நூல் எத்தனை கிராம் என்பதே 'டெனியர்' அளவு. 30 டெனியர் நைலோனின் இருபுறமும் சிலிக்கோன் ஏற்றிய துணி ஒரு சதுர மீற்றருக்கு 50 கிராமுக்கும் குறைவு. பொலியூரெத்தேன் பூச்சு நூல்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடுவதால், ஒரு முனை கிழிந்தால் துணி தாள்போலக் கிழிந்துகொண்டே போகும். சிலிக்கோனோ நூல்களை வழுக்கச் செய்கிறது. இழுபடும் இடத்தில் நூல்கள் ஒன்றுகூடி எதிர்த்து நிற்கின்றன. பூச்சு மெல்லியது, துணியோ கிழிய மறுப்பது. இதிலும் குறையுண்டு. சிலிக்கோனின் மேல் எதுவும் ஒட்டாது. பொலியூரெத்தேன் துணியின் தையல் துளைகளைத் தொழிற்சாலையிலேயே நாடா ஒட்டி மூடலாம். சிலிக்கோன் துணிக்கோ ஒவ்வொரு தையலிலும் சிலிக்கோன் பசையைக் கையால் தடவ வேண்டும். மேலும் நைலோன் நீரை உறிஞ்சி நீளும் இயல்புடையது. மாலையில் இறுக்கிக் கட்டிய கூரை நள்ளிரவு மழையில் தொய்ந்து முகத்தில் படும். பொலியெஸ்ரர் மிகக் குறைவாகவே நீரை உறிஞ்சுவதால் தொய்வதில்லை. ஆனால் அதே பாரத்தில் நைலோன் அளவு கிழிவு உறுதி அதற்கு இல்லை.

இன்றைய உச்சம் டைனீமா கலவைத் துணி. இது கடலிலிருந்து மலைக்கு வந்தது. 1992ஆம் ஆண்டு அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் படகுப் போட்டியில் வென்ற 'அமெரிக்கா கியூப்' படகோடு தொடர்புபட்டு 'கியூபன் பைபர்' என்ற பெயரில் அறிமுகமான பாய்த்துணி இது. நெய்த துணியே அல்ல. மிக உறுதியான பொலிஎத்திலீன் இழைகளை இரண்டு மென்படலங்களுக்கு நடுவே வைத்து ஒட்டியது. சதுர மீற்றருக்கு 20 கிராமுக்கும் குறைந்த வகைகள் உண்டு. நீரை உறிஞ்சாது, தொய்யாது. இருவர் படுக்கும் கூடாரத்தை 600 கிராமுக்குள் இதில் தைக்கிறார்கள். விலை 600 அமெரிக்க டொலருக்கும் மேல். உராய்வையும் குத்தலையும் அது விரும்பாது. பலமுறை மடித்துக் கசக்கினால் படலங்கள் நாளடைவில் பிரியத் தொடங்கும். ஆவியையோ சற்றும் விடாது. ஆக, அத்தனை உயர்ந்த துணிக்குள்ளும் இரண்டாவது மழை பெய்கிறது.

என் கூடாரம் அழிந்த காரணமும் இந்த வாசிப்பில் கிடைத்தது. பொலியூரெத்தேனில் ஒரு மலிவான வகை, வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் நீருடன் தாக்கமுற்று மெல்லச் சிதைகிறது. முதலில் ஒட்டும், பிறகு நாறும், கடைசியில் உரியும். கொழும்பின் ஈரக் காற்றில் அலுமாரி மேல் சுருட்டிக் கிடந்தால் அதற்குச் சிதைவதற்கென்று மழையே தேவையில்லை. நீரைத் தடுக்கப் பூசிய பூச்சு நீராலேயே அழிந்தது. இதை விற்றவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தெரிவு இல்லாதவர்களின் கூடாரம்

இதுவரை சொன்ன தெரிவுகள் யாவும் விரும்பி நடப்பவர்களின் தெரிவுகள். கூடாரம் என்ற சொல்லைக் கேட்கும் இலங்கைத் தமிழருக்கு முதலில் நினைவு வருவது மலையேற்றமாக இராது.

2005 தை மாதம், ஆழிப்பேரலை வந்து சில வாரங்களுக்குப் பின், செய்தி சேகரிக்கக் கிழக்குக் கரையோரம் சென்றிருந்தேன். வடகீழ்ப் பருவமழை இன்னும் ஓயவில்லை. வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்திறங்கிய கூடாரங்கள் மணலில் நின்றன. சில குளிர்நாட்டு விடுமுறைக்காரர்களுக்கெனத் தைத்த மெல்லிய நைலோன் கூடாரங்கள். பகலில் அவற்றினுள் கால் மணி நேரம் இருக்க முடியவில்லை. இரவில் கதவை மூடினால் உள்ளே வியர்த்துக் கொட்டியது; திறந்தால் சாரல் அடித்தது. கைக்குழந்தையோடு இருந்த தாய் ஒருவர், கூடாரத்தை நெல்லுச் சாமான் வைக்கும் அறையாக்கிவிட்டு, வெளியே நான்கு கம்பு நட்டுத் தரப்பாள் கட்டி அதன் கீழ் பிள்ளையைக் கிடத்தியிருந்தார். அன்று அதை வறுமையின் காட்சியாக மட்டுமே எழுதினேன். இப்போது எண்ணிப் பார்த்தால், பொறியியலாளர் ஜார்டின் எழுதியதைத்தான் அந்தத் தாய் செய்திருந்தார். அவருடைய அறிவை நான் அன்று காணவில்லை.

அனர்த்த நிவாரண உலகமும் அதே பாடத்தைப் படித்திருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கமும் ஐ.நா. அகதிகள் முகவரகமும் ஏற்றுக்கொண்ட குடும்பக் கூடாரம், 16 சதுர மீற்றர் முதன்மைத் தளமும் இரட்டைத் துணியும் கொண்டது. வெளித்துணி பருத்தியும் பொலியெஸ்ரரும் கலந்த கித்தான். பாரம் 50 கிலோவுக்கும் மேல். உலகில் இத்தனை மெல்லிய துணிகள் இருக்கும்போது அவர்கள் ஏன் பாரமான துணியைத் தெரிவு செய்தார்கள்? ஒரு வார நடைக்கு அதைத் தெரிவு செய்யவில்லை. ஓராண்டாவது மனிதர் அதற்குள் வாழ வேண்டும். நெடுநாள் வாழ்பவருக்குக் கிராம் கணக்கைவிட மூச்சுக் கணக்கே முக்கியம். தரைக்கு நீர் புகாத விரிப்பு, கூரைக்குப் பருத்தி கலந்த துணி. விம்பரின் அந்தப் பழைய பங்கீடு இங்கே இன்னும் உயிரோடிருக்கிறது.

ஆகவே நல்ல கூடாரத் துணி எது என்று கேட்டால் என் பதில் இன்னொரு கேள்விதான். யார் சுமக்கிறார்கள்? எத்தனை இரவுகள் படுக்கிறார்கள்? எந்தக் காற்றில்? இவற்றுக்கு விடை தெரியாமல் எடையை மட்டும் பார்த்து வாங்குவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பதற்குச் சமம்.

மருமகன் நக்கிள்ஸிலிருந்து நான்காம் நாள் திரும்பினான். இரண்டு இரவும் மழையாம். இரு பக்கக் கதவையும் பாதி திறந்து வைத்துப் படுத்தானாம். காலையில் உட்புறத்தைத் துவாயால் துடைத்தானாம். சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஈரக் கூடாரத்தை எடுத்து மூலையில் வைக்கப் போனான்.

"அதை அப்பிடியே வைக்காதை தம்பி" என்றேன். பின்வளவில் உடுப்புக் காயவிடும் கொடியில் இருவருமாக அதை விரித்துப் போட்டோம். பின்னேர வெயிலில் அரை மணி நேரத்தில் உலர்ந்துவிட்டது. பக்கத்திலே என் பழைய கூடாரமும் தொங்கியது. அது உலர்ந்து இனி ஆகப்போவது ஒன்றுமில்லைத்தான். ஆனாலும் போட்டேன்.